பசுவின் உயிரணுவும் காசநோய்க் கிருமியும்

தில்லியில் தை மாதத்துப் பனிமூட்டத்தினிடையே விடியற்காலையில் பால் வாங்கச் செல்லும் நம்மவர்கள் இரு வகையினர். ஒரு சாரார் மதர் டெய்ரிச் சாவடியில் பாத்திரம் ஏந்தி நிற்பவர். மற்றொரு சாரார், ஊரில் பழகிய வழக்கத்தை விட மனமின்றி, காஜிப்பூர், பல்ஸ்வா போன்ற இடங்களிலுள்ள மாட்டுக் கொட்டில்களிலிருந்து கறந்த பாலைத் தேடி வாங்குபவர். "கண்ணெதிரே கறந்த பாலில் என்ன குறை இருக்கமுடியும்?" என்பது இவர்களுடைய கேள்வி. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காணப் பசுவின் உடலுக்குள், அதிலும் ஓர் உயிரணுவுக்குள், நாம் சிறிது நேரம் புகுந்து பார்க்கவேண்டும்.

என் சிற்றப்பா ஒருவருக்குச் சிறுவயதில் கழுத்தில் கட்டிகள் தோன்றின. கண்டமாலை என்றார்கள் ஊரார். வைத்தியர் காசநோய் என்று கண்டு சிகிச்சை அளித்தார். பல மாதங்களுக்குப் பின் குணமாயிற்று; தழும்பு மட்டும் இன்றும் இருக்கிறது. அந்நாளில் எங்கள் வீட்டுப் பசு ஒன்று நன்றாகத் தீனி தின்றும் இளைத்துக்கொண்டே வந்தது; இரவில் இருமும். பாட்டனார் அதை விற்றுவிட்டார். இவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டா என்று எவரும் அன்று ஆராயவில்லை. ஆனால் அப்பசுவை வாங்கிய வீட்டிலும் குழந்தைகள் இருந்தார்கள் என்பதைச் சொல்லிப் பாட்டி பலமுறை வருந்தியதுண்டு.

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882ஆம் ஆண்டில் கண்டறிந்தார். மனிதரைப் பற்றுவது ஒரு வகை. மாடுகளைப் பற்றுவது மற்றொரு வகை. மாட்டுக் கிருமி பாலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் மனிதரை அடையக்கூடும். பாலோடு உட்சென்றால், நுரையீரலைக் காட்டிலும் கழுத்துக் கட்டிகளிலும் குடலிலும் நோயை உண்டாக்குவது அதன் இயல்பு. காசநோய்க்கு முதலில் தரப்படும் நான்கு மருந்துகளில் ஒன்றான பைரஸினமைடுக்கு இக்கிருமி இயற்கையாகவே கட்டுப்படாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

காக் கிருமியைக் கண்ட அதே 1882இல், சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் மெச்னிகாப் என்னும் ருஷ்ய அறிஞர், ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் முள்ளொன்றைச் செருகி வைத்தார். மறுநாள் பார்க்கையில், அலையும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் அணுக்கள் உடலில் உண்டு என்னும் உண்மை இவ்வாறு புலனாயிற்று. அவருக்கு 1908இல் நோபெல் பரிசு கிட்டியது. இவ்வணுக்களில் பெரியவற்றை மாக்ரோஃபேஜ் என்பர். நாம் விழுங்கணு என்று அழைக்கலாம். பசுவின் நுரையீரற் காற்றறைகளில் காவல் புரிபவை இவையே.

கிருமி வந்ததை விழுங்கணு எவ்வாறு அறிகிறது? அதன் மேற்புறத்தில் 'டோல்' என்னும் இனத்தைச் சேர்ந்த ஏற்பிகள் இருக்கின்றன. பசுவுக்கு இத்தகையவை பத்து வகை உண்டு. கிருமியின் மேலுறைப் பொருள் ஏற்பியில் பட்டவுடன் செய்தி அணுவின் உட்கருவை எட்டுகிறது. அங்கேதான் மரபணுக்கள் உள்ளன.

இவ்விடத்தில் என் தொழிலிலிருந்து ஓர் உவமை சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். அரசாங்கக் காரியாலயத்தில் மூல ஆவணம் பதிவறையை விட்டு வெளியே செல்லாது. தேவையான பக்கத்துக்கு மட்டும் பிரதி எடுப்பார்கள். அப்பிரதி மொழிபெயர்ப்பாளனிடம் வரும். மொழிபெயர்த்தபின் அதன்படி காரியம் நடக்கும். உயிரணுவிலும் அவ்வாறே. டி.என்.ஏ. என்பது மூல ஆவணம். ஒரு மரபணுவிலிருந்து எடுக்கப்படும் பிரதி தூது ஆர்.என்.ஏ. அந்தப் பிரதியைப் படித்துப் புரதம் கட்டப்படுகிறது. இப்புரதங்களே அணுவின் வேலைகளைச் செய்கின்றன. பிரதியிலிருந்து புரதம் பிறக்கும் செயலுக்கு விஞ்ஞானிகளும் 'மொழிபெயர்ப்பு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்குச் சிறிது பெருமையாகவே இருந்தது.

பசுவின் முழு மரபுத் தொகுதியையும் பல நாட்டு அறிஞர்கள் கூடிப் படித்து 2009இல் வெளியிட்டார்கள். அதில் சுமார் 22,000 மரபணுக்கள் உள்ளன. ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஆவணம் ஒன்றே. எந்தப் பக்கத்துக்குப் பிரதி எடுக்கப்படுகிறது, எத்தனை பிரதிகள் எடுக்கப்படுகின்றன என்பதில்தான் வேறுபாடு. ஆகையால் ஆர்.என்.ஏ. பிரதிகளை எண்ணினால், அந்த வேளையில் அணு என்ன செய்ய முனைகிறது என்பதை அறியலாம்.

அயர்லாந்தின் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். இளங்கன்றுகளின் நுரையீரலிலிருந்து எடுத்த விழுங்கணுக்களில் கிருமியைச் சேர்த்து, 2, 6, 24, 48 மணி நேரங்களில் பிரதிகளை எண்ணினார்கள். தொடக்கத்தில் சில மரபணுக்களே விழித்தெழுகின்றன. நேரம் செல்லச் செல்லத் தொகை பெருகுகிறது. உதவிக்கு அணுக்களை அழைக்கும் புரதங்கள், அழற்சியை மூட்டும் புரதங்கள், கிருமியைக் கொல்லும் நைட்ரிக் ஆக்ஸைடை உண்டாக்கும் நொதி ஆகியவற்றின் மரபணுக்கள் இவற்றுள் முக்கியமானவை.

இத்தனை ஏற்பாடு இருந்தும் பசு நோயுறுவது ஏன்? விழுங்கிய கிருமியை அணு ஒரு பையில் அடைத்து, செரிக்கும் அமிலப் பையோடு அதை இணைக்க முயல்கிறது. கிருமியோ அந்த இணைப்பைத் தடுக்கிறது. அதுமட்டுமன்று, தான் அடைபட்ட பையைத் துளைக்கவும் வல்லது. துளைத்தவுடன் கிருமியின் டி.என்.ஏ. அணுவுக்குள் கசிகிறது. அணு இதை வைரஸ் படையெடுப்பு என்று கொள்வதைப் போல, வைரஸை எதிர்க்கும் முதல்வகை இன்டர்பெரான் மரபணுக்களைத் தூண்டுகிறது. காசநோயைப் பொறுத்தவரை இது கிருமிக்கே சாதகமாகலாம் என்று பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

மனிதக் கிருமியும் மாட்டுக் கிருமியும் மரபுத் தொகுதியில் நூற்றுக்கு 99.95 பங்குக்கு மேல் ஒத்தவை. ஆயினும் மனிதக் கிருமி மாட்டில் பெரும்பாலும் நோயாக முற்றுவதில்லை. டப்ளின் அறிஞர்கள் 2018இல் வெளியிட்ட ஒப்பீட்டில், மாட்டின் விழுங்கணுவில் மாட்டுக் கிருமியே மேற்சொன்ன இன்டர்பெரான் வழியை மிகுதியாகத் தூண்டியது. சிறிய வேற்றுமை எத்துணைப் பெரிய விளைவைத் தருகிறது, பாருங்கள்!

இந்த அறிவால் மக்களுக்கு விளைந்த பயன் யாது? முதலாவது, நோயறியும் சோதனை. ஒருமுறை கிருமியைச் சந்தித்த பசுவின் நிணநீர் அணுக்கள் அதை நினைவில் வைத்திருக்கும். அப்பசுவின் இரத்தத்தில் கிருமியின் புரதத்தைக் கலந்து ஓர் இரவு வைத்தால், அவை காமா இன்டர்பெரானைச் சுரக்கும். அதை அளந்து நோயை அறியலாம். 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் மாட்டுக்காக உருவான இம்முறையே பின்னர் மனிதருக்கான காசநோய் இரத்தச் சோதனைக்கும் வழிகாட்டியது. ஆஸ்திரேலியா 1997இல் மாட்டுக் காசநோயிலிருந்து விடுதலை பெற்றது.

இரண்டாவது, தடுப்பூசி. பிரான்சில் கால்மெட், கெரான் என்னும் இருவர் மாட்டுக் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, வீரியம் இழக்கச் செய்தார்கள். அதுவே பி.சி.ஜி. நம் குழந்தைகளின் தோளில் காணும் தழும்புக்கு மூலம் ஒரு பசுவின் கிருமி என்பது பலரும் அறியாத செய்தி. சென்னைக் கிண்டியில் 1948இல் அமைந்த ஆய்வுக்கூடம் இந்தியக் குழந்தைகளுக்கு இத்தடுப்பு மருந்தைச் செய்து வழங்கியது. பையைத் துளைக்க உதவும் மரபுப் பகுதியை பி.சி.ஜி. இழந்திருக்கிறது என்று பின்னாளில் தெரியவந்தது. அப்பகுதி தரும் புரதங்களைக் கொண்டு சோதித்தால், ஊசி போட்ட மாட்டையும் நோயுற்ற மாட்டையும் பிரித்தறியலாம். பழைய டியூபர்குலின் சோதனையால் இது இயலாது.

நம் நாட்டுக்கு இது சிறு விஷயமன்று. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, இந்திய மாடுகளில் நூற்றுக்கு 7.3 அளவில் இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஏறத்தாழ 2 கோடியே 18 லட்சம் மாடுகள் என்பது அதன் கணக்கு. மேலைநாடுகள் பல நோயுற்ற மாட்டைக் கொன்று நட்டஈடு கொடுத்து நோயை ஒழித்தன. ஒரே பசுவை நம்பிக் குடும்பம் நடத்தும் நம் விவசாயியிடம் அந்த யோசனை செல்லாது. நம் சமுதாயம் அதை எளிதில் ஏற்கவும் செய்யாது. ஆகவே தடுப்பூசியே நமக்கு உகந்த வழியாகத் தோன்றுகிறது. எத்தியோப்பியாவில் கன்றுகளுக்கு பி.சி.ஜி. போட்டுச் செய்த சோதனையின் முடிவு 2024இல் வெளியாயிற்று. ஊசி பெற்ற மாடு நோயுற்றாலும் பிறவற்றுக்குப் பரப்புவது வெகுவாகக் குறைந்தது. மொத்தப் பயன் நூற்றுக்கு 89 என்று கணக்கிட்டார்கள்.

அந்த நாள் வரும்வரை நம் கையில் உள்ள காவல் அடுப்புதான். பாலை 72 பாகை சென்டிகிரேட் சூட்டில் 15 விநாடி வைப்பது பாஸ்டர் முறை. சாவடியில் கிடைப்பது அவ்வாறு பதப்படுத்திய பால். கொட்டிலில் வாங்கும் பாலை வீட்டில் பொங்கக் காய்ச்சினால் அதே பயன் உண்டு. கறந்த சூட்டோடு குழந்தைக்குக் கொடுப்பது மட்டும் கூடாது. பசு கொழுகொழுவென்று இருப்பதால் நோயில்லை என்று முடிவு கட்டிவிடவும் முடியாது; அதன் விழுங்கணுக்களுக்குள் போர் பல ஆண்டுகள் ஓசையின்றி நடக்கக்கூடும்.

எங்கள் வீட்டிலிருந்து சென்ற அந்தப் பசுவைப் பற்றி இப்பொழுதும் நினைப்பதுண்டு. அதை விற்றவர்களும் அறியாதவர்கள், வாங்கியவர்களும் அறியாதவர்கள். வாங்கிய வீட்டுத் தாய் அந்தப் பாலைப் பொங்கக் காய்ச்சியிருப்பாள் என்பதே என் நம்பிக்கை.