ஐஸ் இருக்கும் ஊரில் தொடங்கும் ஆட்டம்

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இந்தியாவின் பெயரைச் சர்வதேச அரங்குகளில் ஒலிக்கச் செய்தவர்களில் ஒருவர் தாரா பிரசாத். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சீடர் ராப்பிட்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் சென்னையிலிருந்து அங்கே குடியேறியவர்கள். 2019-இல் அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடியுரிமை பெற்றார். 2022, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் இந்திய தேசிய சாம்பியன் ஆனார். 2025 பிப்ரவரியில் சீனாவின் ஹார்பின் நகரில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியில் மகளிர் தனிநபர் பிரிவில் எட்டாம் இடம் பிடித்தார். பதக்கப் பட்டியலை மட்டும் பார்க்கிறவர்களுக்கு எட்டாம் இடம் பெரிதாகத் தெரியாது. ஐஸ் தளங்களை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ஒரு நாட்டின் பெயரைத் தாங்கி, ஜப்பானும் கொரியாவும் ஆடும் களத்தில் கிடைத்த இடம் அது.

இந்த ஆட்டத்தில் ஒருவரின் வாழ்க்கை பெரும்பாலும் நான்கு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் தொடங்கிவிடுகிறது. விழப் பயப்படாத வயது அது. முதலில் கற்றுக்கொள்வது தாவுவதை அல்ல, விளிம்புகளை. ஸ்கேட்டிங் பிளேடு சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. அதன் அடிப்பகுதி தட்டையாக இருக்காது. நடுவில் மெல்லிய பள்ளம் ஓடுவதால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு கூர்மைகள் கிடைக்கும். எந்த விளிம்பில் சாய்ந்து போகிறோம் என்பதில்தான் இந்தக் கலையின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பிளேடின் முன்முனையில் ரம்பப் பல் போன்ற பற்கள் உண்டு. அவற்றை ஐஸில் குத்தி எழும்பும் தாவல்கள் ஒரு வகை, விளிம்பை மட்டும் நம்பி எழும்புபவை இன்னொரு வகை. 1990 வரை சாம்பியன்ஷிப் போட்டிகளில் எட்டு போன்ற வடிவங்களை ஐஸில் கோடு பிசகாமல் வரைந்து காட்டும் கட்டாயச் சுற்றும் இருந்தது. பார்வையாளர்களுக்குச் சலிப்பூட்டியதும் தொலைக்காட்சிக்கு ஒத்துவராததும் அது நீக்கப்பட்டதற்கான காரணங்களில் அடக்கம்.

பத்து வயதுக்குள் தாவல்கள் வந்துவிட வேண்டும். போட்டிகளில் கணக்கில் எடுக்கப்படும் முக்கியத் தாவல்கள் ஆறு: டோ லூப், சால்கோவ், லூப், ஃபிளிப், லட்ஸ், ஆக்சல். சால்கோவ், லட்ஸ், ஆக்சல் மூன்றும் அவற்றை முதலில் ஆடியவர்களின் பெயரால் வழங்குகின்றன. ஆக்சலில் மட்டும் முகம் முன்னோக்கி இருக்கும்போதே எழும்புகிறார்கள். இறங்குவது எல்லாத் தாவல்களிலும் பின்னோக்கித்தான். ஆகவே ஆக்சலில் அரைச் சுற்று கூடுதலாகும். டிரிபிள் ஆக்சல் என்றால் மூன்றரைச் சுற்று. சர்வதேசப் போட்டியில் அதை முதலில் இறக்கிய பெண் ஜப்பானின் மிதோரி இத்தோ, ஆண்டு 1988. நான்கரைச் சுற்றுள்ள குவாட் ஆக்சலை 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் இலியா மாலினின் முதன்முதலாகப் போட்டியில் வெற்றிகரமாகச் செய்தார்.

இவ்வளவும் நடப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. நல்ல தாவலில் உடல் காற்றில் நிற்பது ஒரு விநாடியில் பாதிக்குச் சற்று மேல். அதற்குள் மூன்று முறை சுற்றி முடிக்க வேண்டும். எழும்பும்போது விரிந்திருக்கும் கைகளை மார்போடு இறுக்கினால் சுழல் வேகம் தானாகக் கூடுகிறது. கோண உந்தம் மாறாமல் இருக்க, நிறை அச்சை நெருங்கியதால் வரும் விளைவு அது, பள்ளி இயற்பியலில் படிப்பதுதான். ஆனால் கால் விநாடி பிந்தி இறுக்கினால் சுற்று முடியாமலேயே தரை வந்துவிடும். இறங்கும் ஒற்றைக்கால் உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட விசையைத் தாங்குகிறது. பயிற்சியில் ஒரு நாளில் பத்துப் பதினைந்து தாவல்கள் அல்ல, பல பத்துத் தாவல்கள். கணுக்கால், இடுப்பு, முதுகெலும்பு மூன்றும் இந்த ஆட்டக்காரர்களுக்கு நிரந்தரக் கவலைகள். எலும்பில் மயிரிழை விரிசல் விட்டு ஒரு பருவமே போய்விடுவது சாதாரணம்.

செலவு இன்னொரு கவலை. உயர்மட்ட ஆட்டக்காரருக்கான பூட்ஸும் பிளேடும் சேர்ந்து ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும், வளரும் பிள்ளைக்குக் கால் அளவும் மாறிக்கொண்டே இருக்கும். ஐஸுக்கு மணிக்கணக்கில் வாடகை, பயிற்சியாளருக்கு, நடன அமைப்பாளருக்கு, உடைக்கு, விமானத்துக்கு என்று தனித்தனியாகக் கட்ட வேண்டும். பல நாடுகளில் இதைக் குடும்பமே சுமக்கிறது. அரசுப் பணம் வருவது ஆட்டக்காரர் பெயர் வாங்கிய பிறகு. ஒரு பிள்ளையின் பயிற்சிக்காகத் தாயோ தந்தையோ வேலையை விட்டு வேறு ஊருக்குக் குடிபோவது இந்த உலகில் வாடிக்கை.

போட்டி இரண்டு பகுதிகளாக நடக்கிறது. முதலில் 2 நிமிடம் 40 விநாடி நீளமுள்ள ஷார்ட் புரோகிராம், கட்டாயமான ஏழு அம்சங்களுடன். அடுத்து 4 நிமிட ஃப்ரீ ஸ்கேட். உலக சாம்பியன்ஷிப்பில் ஷார்ட் புரோகிராமில் முதல் 24 இடங்களுக்குள் வருகிறவர்கள் மட்டுமே இரண்டாம் பகுதிக்குப் போகிறார்கள். மற்றவர்களின் போட்டி அந்த 2 நிமிடம் 40 விநாடியோடு முடிகிறது. ஓர் ஆண்டு உழைப்பு ஒற்றை விழுதலில் போவது அங்கேதான்.

மதிப்பெண் முறை 2004-இல் அடியோடு மாறியது. அதற்கு முன் நடுவர்கள் ஆறு புள்ளிகளுக்குள் மதிப்பெண் போட்டார்கள். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் இணையர் பிரிவில் தனக்கு நெருக்கடி தரப்பட்டதாகப் பிரெஞ்சு நடுவர் ஒருவர் சொல்ல, பெரிய ஊழல் வெடித்தது. கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் கொடுத்து ஒலிம்பிக் குழு சமாளித்தது. புதிய முறையில் ஒவ்வொரு அசைவுக்கும் அடிப்படை விலை உண்டு. டிரிபிள் டோ லூப்புக்கு 4.20, டிரிபிள் லட்ஸுக்கு 5.90, டிரிபிள் ஆக்சலுக்கு 8.00. நிறைவேற்றிய தரத்தைப் பொறுத்து நடுவர்கள் மைனஸ் ஐந்திலிருந்து பிளஸ் ஐந்து வரை தருகிறார்கள். நடுவர்களைத் தவிரத் தனியாக ஒரு தொழில்நுட்பக் குழு, சுற்று முழுதாக முடிந்ததா, சரியான விளிம்பில் எழும்பினாரா என்று வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறது. கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் விலை குறையும். விழுந்தால் ஒரு புள்ளி போகும். இந்த முறை நியாயத்தைக் கூட்டியது என்பதில் சந்தேகமில்லை. அதே கையோடு ஆட்டத்தைக் கணக்குப்புத்தகமாகவும் ஆக்கிவிட்டது. எந்த இசைக்கு ஆடினாலும் பலரும் ஒரே வரிசையில் ஒரே அம்சங்களை அடுக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது அந்தக் குறை தெரியும்.

எந்த நாட்டுக்காக ஆடுவது என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் மூன்று பேர் ஆடலாம். அமெரிக்காவில் அந்த மூன்று இடங்களுக்குப் பெரும் கூட்டமே மோதும். இந்தியாவுக்குக் கிடைப்பது ஓரிடம், அதற்கு ஆள் கிடைப்பதே அபூர்வம். இதைக் குறுக்குவழி என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் உலக அமைப்பு விதித்திருக்கும் குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண்ணை யாராக இருந்தாலும் எடுத்தாக வேண்டும், அதில் நாடு பார்த்துச் சலுகை இல்லை. மேலும் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்தியாவுக்காக ஆட முடியாது என்று 2008-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. எனவே தாரா பிரசாத் போன்றவர்களால் அமெரிக்க பாஸ்போர்ட்டைக் கையளித்துவிட்டுத்தான் மூவர்ணத்தை அணிய முடிகிறது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவருக்கு அது சின்ன விலை அல்ல.

வயது குறித்த பழைய எண்ணங்கள் இப்போது ஆட்டம் கண்டிருக்கின்றன. நார்வேயின் சோனியா ஹெனி 1924 ஒலிம்பிக்கில் ஆடியபோது அவருக்கு 11 வயது. 1998-இல் தங்கம் வென்ற தாரா லிபின்ஸ்கிக்கு 15. எடை கூடாத, இடுப்பு விரியாத சிறுமியின் உடல் வேகமாகச் சுற்றும் என்பதால் பதின்வயதுப் பெண்களை அளவுக்கு மீறிப் பிழிவது வழக்கமானது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயது கமிலா வலியேவாவின் ஊக்கமருந்து விவகாரம் உலகம் முழுவதும் பேசப்பட்ட பிறகு, முதுநிலைப் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயது படிப்படியாக 17 ஆக உயர்த்தப்பட்டது. இன்னொரு பக்கம், 16 வயதில் ஓய்வு பெற்ற அமெரிக்காவின் அலிசா லியூ திரும்பி வந்து 2025-இல் பாஸ்டனில் உலகப் பட்டம் வென்றார். 17 வயதில் விட்டுப் போய்ப் பதினாறு ஆண்டுகள் கழித்துத் திரும்பிய டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக், கனடாவுக்காக ஆடி 40 வயதில் 2024-இன் இணையர் உலகப் பட்டத்தைப் பெற்றார். ஹார்பினில் ஆடியபோது தாரா பிரசாத்துக்கும் ஏறக்குறைய 25 வயது. பத்தாண்டுகளுக்கு முன் என்றால் ஓய்வைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்.

இந்தியாவுக்குள் இந்த வாழ்க்கையை நடத்த ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு விடை ஐஸ்தான். சிம்லாவில் 1920 முதல் ஒரு ரிங்க் இருக்கிறது. திறந்தவெளியில் இரவுக் குளிரில் தண்ணீரை உறையவைத்து ஆடும் இடம் அது. ஆண்டில் சில வாரங்கள்தான் பயன்படும், பகல் வெயில் ஏறினால் அதுவும் இல்லை. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய உள்ளரங்கம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2025-இல் மீண்டும் சர்வதேசப் போட்டி கண்டது. குருகிராமில் ஒரு வணிக வளாகத்துக்குள் உள்ள ரிங்கில் தேசியப் போட்டிகள் நடந்திருக்கின்றன. போட்டிக்கு வேண்டிய முழு அளவு 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். இந்தியாவிலிருந்து ஒரு ஃபிகர் ஸ்கேட்டரும் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இதுவரை தகுதி பெற்றதில்லை.

திருநெல்வேலி வெயிலைக் காட்டி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுவது எளிது. மே மாதத்தில் 38 டிகிரியைத் தொடும் ஊர். தாமிரபரணி பிறக்கும் பொதிகையிலும் மாஞ்சோலை எஸ்டேட்டிலும் குளிர் உண்டு, தண்ணீர் உறைவதில்லை. ஆனால் வெயில் காரணமே அல்ல. மணிலாவில் ஒரு ஷாப்பிங் மாலில் பழகிய மைக்கேல் கிறிஸ்டியன் மார்ட்டினெஸ் 2014 சோச்சி ஒலிம்பிக்கில் பிலிப்பைன்ஸுக்காக ஆடி 19-ஆம் இடம் பெற்றார். கோலாலம்பூர் அருகே ஒரு மாலில் தொடங்கிய ஜூலியன் யீ 2018-இல் மலேசியாவுக்காக ஒலிம்பிக்கில் ஆடினார். இரண்டு ஊர்களிலும் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ரிங்க் தளத்துக்குக் கீழே குழாய்களில் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த உப்புநீரோ கிளைகாலோ ஓடும், மேலே சில சென்டிமீட்டர் ஐஸ் கட்டும். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு மைனஸ் மூன்று, நான்கு டிகிரி போதும். தாமிரபரணி கடலில் சேரும் தூத்துக்குடிக் கரையில் மீனுக்கு ஐஸ் பாளம் வார்க்கும் ஆலைகளும் இதே உப்புநீர்த் தத்துவத்தில்தான் ஓடுகின்றன. தெரியாத தொழில்நுட்பம் அல்ல. கூரையும், நிற்காத மின்சாரமும், ஆண்டு முழுக்க வாடகை தரும் கூட்டமும் வேண்டும். அந்தக் கூட்டத்தை மணிலாவில் மால்கள் கொண்டுவந்தன.

இப்போதைக்குப் பாளையங்கோட்டைச் சிறுமி ஒருத்தி ஸ்கேட்டிங் பழக வேண்டுமென்றால் கிடைப்பது சக்கரம். அதுவும் வீண் அல்ல. ரோலர் ஸ்கேட்டிங்கிலும் இசைக்கு ஆடும் கலைப் பிரிவு உண்டு. தாவல்களும் சுழல்களும் ஐஸில் உள்ளவைதான், சக்கரங்கள் மட்டும் விளிம்புக்குப் பதில். ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் தனிநபர் பிரிவிலும், அவனி பஞ்சாலுடன் இணையர் பிரிவிலும் வெண்கலம் வென்று, பின்னர் அர்ஜுனா விருது பெற்றார். மேலே சொன்ன லிபின்ஸ்கியும் ஐஸுக்கு வருமுன் ரோலர் ஸ்கேட்டிங்கில் தேசியப் பட்டம் வென்றவர். தமிழ்நாட்டின் பெரிய வெற்றி வேகப் பிரிவில் வந்தது. சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-இல் செங்டு உலக விளையாட்டில் 1000 மீட்டரில் வெண்கலமும், அடுத்த மாதமே பெய்தைஹேயில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அதே தூரத்தில் தங்கமும் வென்றார். குறை ஒன்று: இந்தச் சக்கரப் பந்தயமும் கலைப் பிரிவும் ஒலிம்பிக்கில் இல்லை. அதனால் அரசின் கவனமும் விளம்பரப் பணமும் மெதுவாகவே வருகின்றன.

போட்டி வாழ்க்கை முடிந்தபின் வழிகள் குறைவு, ஆனால் உண்டு. சோனியா ஹெனி மூன்று ஒலிம்பிக் தங்கங்களுக்குப் பிறகு ஹாலிவுட்டுக்குப் போய் நட்சத்திரமானார். இன்றும் பெயர் பெற்றவர்களுக்கு ஐஸ் ஷோக்களில் நல்ல வருமானம் இருக்கிறது. மற்றவர்களில் பலர் பயிற்சியாளர்கள், நடன அமைப்பாளர்கள் ஆகிறார்கள். சிலர் தேர்வெழுதித் தொழில்நுட்பக் குழுவுக்கோ நடுவர் மேசைக்கோ போகிறார்கள். இந்தியாவுக்கு ஆடியவர்களுக்கு இதிலும் ஒரு முடிச்சு: கற்றுக்கொடுக்கவும் ஆண்டு முழுவதும் ஐஸ் வேண்டும். அது கிடைக்கும் நாட்டிலேயே அவர்கள் தங்கிவிட்டால், டேராடூனிலோ குருகிராமிலோ தொடங்கும் பிள்ளைகளுக்கு, சர்வதேசப் போட்டி ஆடிப் பார்த்த பயிற்சியாளர் விடுமுறைக் காலத்தில் வந்து போகும் விருந்தாளியாகவே இருப்பார்.