விரலில் காபித்தூள் அப்பாதீர்கள்!

பவர் பிரஸ், கரும்புச்சாறு மெஷின், மாவு கிரைண்டர், பைக் செயின். விரல் நசுங்கி வருகிறவர்களின் கதை பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். கை அறுவை மருத்துவர்களைப் பொறுமையிழக்க வைப்பது காயத்தின் மேல் அப்பி வரும் சரக்குதான்.

காபித்தூள் முதல் கிரீஸ் வரை

காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, பற்பசை... ரத்தம் நின்றது போலத் தெரிவது, தூள் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாவதால்தான். அதைச் சுரண்டிக் கழுவுவதற்குள் எது உயிருள்ள சதை, எது செத்த சதை என்று பிரித்துப் பார்ப்பதே சிரமமாகிவிடும்.

சணலாலோ ரப்பர் பேண்டாலோ விரலடியை இறுக்குவது அதைவிட மோசம். பிழைத்திருக்கும் பகுதிக்கும் ரத்தம் போகாது. சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்தாலே பெரும்பாலும் ரத்தம் நிற்கும். மோதிரத்தை உடனே கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கடையில் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மூன்று நாள் ஓட்டுபவர்களை என்ன சொல்வது? விரல் கறுத்துச் சீழ் வைத்த பிறகு மாத்திரை அட்டையை நீட்டுகிறார்கள். கிரீஸ் கன்னிலிருந்து கிரீஸ் பாய்ந்த விரலிலோ ஒரு ஊசித்துளைதான் தெரியும், முதலில் வலியும் அதிகமிருக்காது. உள்ளே கிரீஸ் விரல் நெடுகப் பரவியிருக்கும். உடனே திறந்து கழுவாவிட்டால் விரலே போகலாம்.

துண்டான நுனியை நேராக ஐஸில் போட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

சதை எங்கிருந்து வரும்?

மருத்துவமனையில் முதலில் எக்ஸ்ரே, சர்க்கரை அளவு பார்ப்பார்கள். எலும்பு தெரியாத, ஒரு சதுர செ.மீ.க்குள் அடங்கும் நுனிக்காயம் கட்டுப் போட்டாலே சில வாரங்களில் ஆறிவிடும். எலும்பு தெரிந்தால் வெறும் தோல் ஒட்டு பெரும்பாலும் பிடிக்காது. ரத்த ஓட்டத்தோடு நகர்த்தி மூடும் தோல்-சதைத் துண்டு, அதாவது ‘ஃப்ளாப்’ வேண்டும்.

சாய்வாக வெட்டுப்பட்ட நுனிக்கு, விரலின் பக்கவாட்டுத் தோலை நரம்போடும் ரத்தக்குழாயோடும் முக்கோணமாக நகர்த்தி மூடும் முறையை 1980-இல் வெளியிட்டவர்கள் வெங்கடசாமியும் சுப்பிரமணியனும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைத் துறையை வளர்த்தவர் இந்த வெங்கடசாமி. நரம்பும் கூடவே வருவதால் தொடு உணர்வு நிலைக்கிறது.

உள்பக்கச் சதை போயிருந்தால், பக்கத்து விரலின் முதுகுத் தோலைப் புத்தகத்தாள் போலப் புரட்டித் தைப்பார்கள். இரண்டு விரல்களும் இரண்டு, மூன்று வாரம் ஒட்டியே இருக்கும். அந்த நாட்களில் பீடி, சிகரெட் கூடாது. நிக்கோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும்.

தயவுசெய்து...

சாறு மெஷினில் சக்கையை விரலால் தள்ளாதீர்கள். பிரஸ்ஸின் பாதுகாப்புத் தடுப்பை வேகத்துக்காகக் கழற்றாதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு பைக் செயினைத் துடைக்காதீர்கள். பக்கத்தில் குழந்தை நின்றால் வேண்டவே வேண்டாம்.