மோட்டார் வண்டி வலி குன்றுதலும் அதன் காரணம் அறியும் முறையும்

செவ்வையாக ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் வண்டியொன்று சடுதியில் வலி குன்றிவிடுவதுண்டு. ஆக்ஸிலரேட்டரைக் காலால் எவ்வளவு அழுத்தினும், யந்திரம் நிமிஷத்திற்கு 2,000 அல்லது 3,000 சுற்றுக்கு மேற் செல்ல மறுக்கும். தானே கியர் மாறும் வண்டியாயின், பெரும்பாலும் ஒரே கியரில் நின்றுவிடும். ஓட்டுபவர் முன்னுள்ள பலகையில் யந்திர வடிவான மஞ்சள் விளக்கொன்று எரியும். யந்திரம் நின்றுவிடவில்லை, ஆயினும் சிறு மேடொன்று எதிர்ப்படின் வண்டி தள்ளாடி ஊர்கின்றது. இந்நிலையிற் சொந்தக்காரர் பலர் யந்திரமே அழிந்ததெனக் கலங்கி, வேண்டாத உறுப்புக்களை மாற்றிப் பெரும்பொருளை இழக்கின்றனர். இஃது ஏன் நிகழ்கின்றது, இதன் காரணத்தை எம்முறையால் அறிவது என்பனவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பழைய வண்டிகளில் ஆக்ஸிலரேட்டருக்கும், யந்திரத்தினுட் காற்றை விடும் திராட்டில் என்னும் கதவிற்கும் இடையே ஒரு கம்பி இருந்தது. கால் அழுந்தின் கதவு திறக்கும். இடையில் வேறொருவரும் இல்லை. இக்காலத்து வண்டிகளிலோ அக்கம்பி இல்லை. கால் அழுந்திய அளவை மின்சாரக் குறிப்பாக ஒரு கணிப்பொறி பெற்றுக்கொண்டு, சிறு மின்மோட்டாரினால் அக்கதவைத் திறக்கின்றது. உட்செல்லும் காற்றின் அளவு, நீரின் வெப்பம், எண்ணெயைப் பீச்சும் அழுத்தம் முதலியவற்றையும் சென்சார்கள் எனப்படும் உணர்கருவிகள் அதற்கு இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கும். எனவே ஓட்டுபவர் கேட்பவரேயாவர், கொடுப்பது கணிப்பொறியே.

அக்கணிப்பொறி தனக்கு வரும் செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்குகின்றது. சான்றாக, ஆக்ஸிலரேட்டரில் ஓர் உணர்கருவிக்குப் பதிலாக இரண்டு அமைந்துள்ளன. பல வண்டிகளில் ஒன்று காட்டும் வோல்ட் மற்றதன் இருமடங்காக இருக்கும். இவ்விகிதம் பிழைபடின், இரண்டனுள் ஒன்று பொய் கூறுகின்றது என்பது வெளிப்படை. எது என்பதோ விளங்காது. பொய்யான செய்தியை நம்பிக் கதவை முற்றத் திறந்துவிட்டால் வண்டி கட்டுக்கடங்காது பாயும். ஆகலின் கணிப்பொறி வண்டியை அறவே நிறுத்திவிடாமல், வீடோ பட்டறையோ சென்று சேர்தற்குப் போதிய வலியை மட்டும் கொடுத்து எஞ்சியதை மறுத்துவிடுகின்றது. இதனையே 'லிம்ப் மோடு', அஃதாவது நொண்டி நடை, என்பர். வலி குன்றுதல் நோயன்று. நோய் முற்றாதபடி வண்டி தானே மேற்கொண்ட பத்தியமாகும். இதனை மனத்திற் கொள்ளாதார் பத்தியத்தை நீக்க முயல்வரேயன்றி நோயை ஆராயார்.

ஒரே அடையாளம் நேர்மாறான இரு காரணங்களாலும் தோன்றக்கூடும் என்பதே இவ்வாராய்ச்சியின் அருமையாகும். டீசல் வண்டிகளில் டர்போ என்னும் உறுப்பொன்று உண்டு. வெளியேறும் புகையின் வேகத்தாற் சுழன்று, காற்றை அமுக்கி யந்திரத்தினுட் செலுத்துவது அதன் தொழில். வோக்ஸ்வாகன் கம்பெனியாரின் 1.9 லிட்டர் டி.டி.ஐ. யந்திரங்களை ஓட்டியவர் பலரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. டர்போவினுள் அசைய வேண்டிய சிறு தகடுகள் கரி படிந்து இறுகிவிடின், காற்றின் அழுத்தம் அளவு கடந்து ஏறும். நெடுஞ்சாலையில் முன்செல்லும் வண்டியைத் தாண்டும்போதோ, மேட்டில் ஏறும்போதோ வலி திடீரென்று அற்றுப்போகும். சாவியைத் திருப்பி யந்திரத்தை நிறுத்தி மீண்டும் ஓட்டினால் வலி திரும்பும். அடுத்த மேட்டில் மறுபடியும் அதுவே நிகழும். இது மிகையால் வந்த கேடு.

இனி, டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர்க் குழாய் கீறுண்டதாகக் கொள்வோம். இப்பொழுது அழுத்தம் ஏறவேண்டிய அளவிற்கு ஏறாது. கணிப்பொறி முன்போலவே வலியைக் குறைத்துவிடும். இது குறைவால் வந்த கேடு. ஓட்டுபவர்க்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஊகத்தால் இவற்றைப் பிரித்தறிதல் அரிது. அளந்து பார்த்தே அறிதல் வேண்டும்.

இனி ஆராயும் முறையைக் கூறுவோம். முதலாவது, விளக்கை நோக்குக. எண்ணெயழுத்தத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தாலும், வெப்பமுள் எல்லை கடந்தாலும், வண்டியை ஓரங்கட்டி உடனே நிறுத்துதல் வேண்டும். யந்திர வடிவான மஞ்சள் விளக்கு மின்னி மின்னி எரியின், எரிபொருள் சரியாக எரியாமல் வெளியேறிப் புகையைத் தூய்மை செய்யும் உறுப்பைக் கெடுக்கின்றது எனக் கொள்க. மின்னாது நிலையாக எரியின், மெல்ல ஓட்டிப் பட்டறை சேரலாம்.

இரண்டாவது, பாட்டரிக் கம்பியைக் கழற்றி விளக்கை அணைத்துவிடாதிருக்க. அதனாற் கணிப்பொறி குறித்துவைத்த சான்றும் அழிந்துபோகக்கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1996-ஆம் ஆண்டு மாதிரி முதல் கட்டாயமாக்கப்பட்டதும், பின்னர்ப் பிற நாடுகளிலும் பரவியதுமான 16 முனைகளையுடைய ஒரு துளைப்பெட்டி ஸ்டியரிங்கின் கீழ்ப்புறத்தே உளது. அதிற் படிக்கும் கருவியைப் பொருத்தினால் குறியெண் தோன்றும். பிழை நிகழ்ந்த கணத்தில் இருந்த வேகம், சுற்று, வெப்பம் ஆகியவையும் பெரும்பாலும் அங்கே பதிவாகியிருக்கும். இவற்றை எழுதிக்கொண்ட பின்னரே அழித்தல் முறை.

மூன்றாவது, குறியெண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளற்க, அது சாட்சியே. 'பி 0299' என்பது டர்போவின் அழுத்தம் குறைந்தது என்று கூறுமேயன்றி, டர்போ கெட்டது என்று கூறாது. கீறுண்ட குழாய், தளர்ந்த பட்டை, அழுக்கடைந்த காற்று வடிகட்டி, பிழையாக அளக்கும் உணர்கருவி ஆகிய எதுவும் அக்குறியெண்ணை வருவிக்கும். 'பி 0234' என்பது அழுத்தம் மிகுந்தது என்று கூறும். முற்கூறிய இரு கேடுகளையும் இவ்வெண்களே வேறுபடுத்திக் காட்டுகின்றன.

நான்காவது, எளியதிலிருந்து அரியதற்குச் செல்க. யந்திரம் நின்றிருக்கையில் நல்ல பாட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், ஓடுகையில் சுமார் 14 வோல்ட்டும் காட்டும். இவை மிகக் குறைந்தால் உணர்கருவிகள் பிழைபடப் பேசலாம். குழாய்களைக் கையால் தடவிப் பார்க்க. கீறலைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்குப் படிந்திருக்கும். கம்பிகள் சேருமிடத்தில் துருவும் ஈரமும் உண்டோவெனக் காண்க. பின்னர் வண்டியை ஓட்டிக்கொண்டே, கணிப்பொறி வேண்டிய அழுத்தத்தையும் உண்மையில் எழுந்த அழுத்தத்தையும் மற்றொருவர் கருவியில் ஒப்பிட்டு வருக. வேறுபாடு தோன்றும் இடமே ஆராயத்தக்க இடம்.

டீசல் வண்டியை நாடோறும் சிறு தொலைவே ஓட்டுவார்க்கு வேறொன்றும் நேரும். புகைக்கரியைத் தடுக்கும் வடிகட்டியிற் சேர்ந்த கரி எரிந்து தீர்தற்கு ஏறக்குறைய 600 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் வேண்டும். ஊருக்குள் நின்று நின்று செல்லும் ஓட்டத்தில் அவ்வெப்பம் எழுவதரிது. கரி மிகவே, கணிப்பொறி வலியைக் குறைத்துவிடுகின்றது. இவ்விடத்தில் ஆராய வேண்டியது உறுப்பு மட்டுமன்று, ஓட்டும் வழக்கமுமாம்.

சிறு விலையுள்ள ரப்பர்க் குழாய் கீறியதற்காகப் பெருவிலையுள்ள டர்போவை மாற்றியும் குறை தீராது வருந்துவார் உளர். அவர்கள் இழந்தது கைத்திறன் இன்மையால் அன்று; காரியத்தைக் கண்டவுடன் காரணத்தையும் கண்டதாக எண்ணிய அவசரத்தினாலேயாம். விஞ்ஞானசாலையில் நம் மாணவர் பயில்வதும் இதுவே: அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுதல், அதற்குரிய காரணங்களையெல்லாம் எண்ணுதல், ஒவ்வொன்றையும் அளந்து விலக்குதல், எஞ்சியதைத் தெளிதல். இம்முறையைக் கைக்கொள்வார்க்கு வழியில் நொண்டும் வண்டியும் தன் குறையைத் தானே எடுத்துரைக்கும்.