மாநகரின் வரவும் செலவும்

இல்லறம் நடத்துவோர் திங்கள்தோறும் வரும் பொருளின் அளவறிந்து செலவு செய்வர். மாநகரை நடத்துவோர்க்கும் அதுவே முறை. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. குடும்பத் தலைவன் செலவிடுவது தன் பொருளை. நகராட்சியார் செலவிடுவதோ ஊரார் பொருளை. ஆதலின், தாம் எழுதிய கணக்கைத் தாமே பார்த்துச் சரியென்று ஒப்பமிடுதல் போதாது. செலவிடும் உரிமை இல்லாத பிறரும் அதனை ஆராய்தல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிகப் பெரிய நகரமாகிய நியூயார்க் இதனை 1975ஆம் ஆண்டில் பெருந்துன்பத்திற்கிடையே உணர்ந்தது.

1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரில் ஏறத்தாழ 79 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். பள்ளிகளும் மருத்துவமனைகளும் காவற்படையும் தீயணைப்புப் படையும் நகராட்சியின் பொறுப்பில் இருந்தன. ஏழை மாணவர் கட்டணமின்றி உயர்கல்வி பெறும் பல்கலைக்கழகம் ஒன்றும் அங்கு இருந்தது. காலப்போக்கில் ஆலைகள் பல மூடப்பட்டன. வசதி படைத்தோர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். வரிவருவாய் தளர்ந்தது, செலவோ ஆண்டுதோறும் ஏறிற்று. இடைவெளியை நிரப்பக் கடன் வாங்கினர்.

கடன் வாங்குவதெல்லாம் குற்றமன்று. ஒரு பாலம் கட்டினால் அது பேரப்பிள்ளைகள் காலத்திற்கும் பயன்படும். ஆகவே அதன் விலையைப் பல ஆண்டுகளில் செலுத்துவது நேரிது. இதன் பொருட்டே அந்நகரில் அன்றாடச் செலவுக்கு ஒரு திட்டமும், நிலைத்த பணிகளுக்கு மூலதனத் திட்டம் என்னும் மற்றொன்றும் வகுக்கப்பட்டிருந்தன. நீண்டகாலக் கடன் இரண்டாவதற்கே உரியது. ஆனால், தொழிற்கல்விச் செலவு போன்ற அன்றாடச் செலவுகளும் மெல்ல மெல்ல மூலதனத் திட்டத்தில் எழுதப்பட்டன. இந்த மாதம் உண்ட சோற்றுக்கு இருபது ஆண்டுத் தவணையில் விலை கொடுப்பது போன்றது அச்செயல்.

வேறொரு வழியும் கையாளப்பட்டது. வரவேண்டிய வரியைக் காட்டிக் குறுகிய காலக் கடன் வாங்கலாம் என்பது விதி; வரி வந்ததும் கடன் தீர்ந்துவிடும். நகராட்சியார் வரவே வாராத தொகைகளையும் வரவேண்டியவை என்று கணக்கிட்டனர். நகராட்சிக்கே உரிமையான கட்டடங்களின்மீது விதித்த வரியும் அதில் அடங்கும். தனக்குத் தானே வரி செலுத்துவது எங்ஙனம்? வரி வாராதபோது பழைய கடனைத் தீர்க்கப் புதிய கடன் வாங்கினர். 1975இல் அக்குறுங்காலக் கடன் ஏறத்தாழ 600 கோடி டாலராகப் பெருகி நின்றது.

கண்காணிப்போர் இல்லாத ஊரில் இது நிகழவில்லை என்பதே வியப்பு. திட்டத்தை ஏற்கவும் திருத்தவும் உரிமையுடைய நகரமன்றம் இருந்தது. கணக்கைத் தணிக்கை செய்வதற்கென்றே மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் கணக்குத் தலைவர் ஒருவரும் இருந்தார். அப்போது மேயராக இருந்த ஆபிரகாம் பீம் என்பவரே முன்னர் இருமுறை அப்பதவியை வகித்தவர், கணக்கியல் கற்றவர். கடன்முறிகளை விற்றுக் கொடுத்த வங்கிகளோ அதனால் ஊதியம் பெற்றன. ஆதலின் நெடுநாள் வினவவில்லை. காண வேண்டியவர் பலர் இருந்தும், உள்ளதை உள்ளவாறு உரைப்பதால் பயன் பெறுவோர் எவரும் இலர்.

1975ஆம் ஆண்டின் இளவேனிலில் வங்கிகள் கைவிரித்தன. அந்நகர் அடங்கிய நியூயார்க் மாநிலத்தின் ஆளுநர் ஹியூ கேரி முன்வந்தார். ஜூன் திங்களில், நகருக்காகக் கடன் திரட்டும் மாநகர உதவிக் கழகம் நிறுவப்பட்டது. செப்டம்பரில் நிதிக் கட்டுப்பாட்டு வாரியம் தோன்றியது. ஆளுநர், மேயர், மாநிலத்தின் கணக்குத் தலைவர், நகரின் கணக்குத் தலைவர், ஆளுநர் அமர்த்திய மூவர் என அதன் உறுப்பினர் எழுவர். நகரின் வருவாய் இவ்வளவுதான் என்று மதிப்பிடும் பொறுப்பு அவ்வாரியத்தைச் சேர்ந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் கையிலிருந்த அதிகாரம் பிறர் கைக்குச் சென்றது. பெருமைக்குரிய செய்தியன்று இது.

அக்டோபர் 17ஆம் நாள் நகரம் செலுத்த வேண்டிய தொகை 45 கோடி டாலருக்கும் மிகுதி. கையிருப்போ அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து 15 கோடி டாலருக்கு உதவிக் கழகத்தின் முறிகளை வாங்கினால்தான் நகரம் பிழைக்கும் என்ற நிலை. ஆசிரியர் சங்கத்தார் முதலில் தயங்கினர். முதுமைக்கென்று சேர்த்த பொருளை மூழ்கும் கலத்தில் ஏற்ற யார்தான் தயங்கார்? பிற்பகலில் இசைந்தனர், நகரம் தப்பியது. நடுவண் அரசும் முதலில் மறுத்துப் பின்னர், டிசம்பர் 9ஆம் நாள் நிறைவேறிய சட்டத்தால், ஆண்டுக்கு 230 கோடி டாலர் வரை வட்டிக்குக் கடன் தர உடன்பட்டது.

பொய்க்கணக்கு எழுதியவர்களினும் அதனைக் கண்டறியாத மக்களே மிகுதியாகத் துன்புற்றனர். ஜூலைத் திங்களில் ஏறத்தாழ 5,000 காவலர் வேலையிழந்தனர். தீயணைப்பு நிலையங்கள் சில மூடப்பட்டன. சுரங்க இரயிற்கட்டணம் 35 சென்டிலிருந்து 50 சென்டாக உயர்ந்தது. 1847 முதல் 129 ஆண்டுகள் நிலவி வந்த இலவச உயர்கல்வி 1976இல் முடிவுற்றது.

பின்னர் முறைகள் மாறின. பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு நெறிப்படி ஏடுகள் எழுதப்பட்டன. வெளித் தணிக்கையாளர் ஆண்டுதோறும் அவற்றை ஆராய்ந்தனர். வரும் நான்கு ஆண்டுகளுக்கும் நிதித்திட்டம் வகுத்து, இடையிடையே திருத்தி வெளியிடும் வழக்கம் ஏற்பட்டது. இவ்வாண்டின் குறையை அடுத்த ஆண்டிற்குள் மறைப்பது இதனால் அரிதாயிற்று. 1981ஆம் நிதியாண்டில் வரவும் செலவும் சமமாயின. 1986இல் வாரியத்தின் நேரடி ஆட்சி ஓய்ந்தது. அது விதித்த நெறிகள் பலவற்றை 2005இல் மக்கள் வாக்களித்து நகரின் அடிப்படைச் சட்டத்திலேயே சேர்த்துக்கொண்டனர்.

மற்றோர் அமைப்பும் குறிப்பிடத்தக்கது. 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தனி வரவுசெலவு ஆய்வு அலுவலகம் ஒன்றுக்கு இடம் வகுக்கப்பட்டது. மேயரின் மதிப்பீடுகளைத் தனித்து ஆராய்ந்து மக்கள் முன் வைப்பது அதன் பணி. குறை கூறும் அலுவலகத்திற்குப் பணம் கொடாமல் அதனை வாடவிடலாம் அல்லவா? அதற்கு இடமின்றி, மேயருடைய வரவுசெலவு அலுவலகத்திற்கு ஒதுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இதற்கும் ஒதுக்குதல் வேண்டும் என்று சட்டமே கூறிற்று. சட்டம் பிறந்தும் அவ்வலுவலகம் பணி தொடங்கியது 1996ஆம் ஆண்டிலேதான்.