தட்டை அடியா, படகு வாலா? புல்லட்டின் பின்பக்கம் ஏன் இவ்வளவு முக்கியம்?

துப்பாக்கி சுட்டதும் கீழே விழும் பித்தளை உறையை என்ன செய்வார்கள்? சினிமாவில் என்றால் போலீஸ் அதைக் கர்ச்சீப்பால் எடுத்து கவருக்குள் போடுவார். அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் பலர், அதைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அதே உறையில் மறுபடியும் தோட்டா தயாரிக்கிறார்கள். இதற்குப் பெயர் 'ரீலோடிங்'.

இதில் கடைசி வேலை, உறையின் வாயில் புல்லட்டைப் பொருத்துவது. கேட்க ஈஸியாக இருக்கும். ஆனால் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் புல்லட் என்றால், அனுபவசாலிகளே கொஞ்சம் நிதானிப்பார்கள். ஏன்? பார்ப்போம்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

நாம் பொதுவாக 'தோட்டா' என்று சொல்வது 4 பொருட்கள் சேர்ந்தது. பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் புல்லட். சுடும்போது பறந்து போவது புல்லட் மட்டும்தான். ப்ரைமரும் மருந்தும் எரிந்துவிடும். மிஞ்சுவது உறை. தோட்டாவிலேயே விலை அதிகமான பாகங்களில் அதுவும் ஒன்று என்பதால்தான் அதைத் தூக்கிப்போட மனசு வருவதில்லை.

எல்லா உறையையும் இப்படி மறுபடி பயன்படுத்த முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பயன்படுவது .22 ரகத் தோட்டா. அதில் ப்ரைமர் தனியாக இருக்காது. அந்த மருந்து உறையின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். ஒருமுறை அடிபட்டு நசுங்கினால் அத்தோடு முடிந்தது.

தட்டை அடி, படகு வால்: என்ன வித்தியாசம்?

ரைஃபிள் புல்லட்டுகள் பெரும்பாலும் 2 வகை. ஒன்று, அடிப்பக்கம் வெட்டிவிட்டது போல தட்டையாக இருக்கும். இன்னொன்று, பின்பக்கம் படகின் வால் போலக் குறுகிக்கொண்டே போகும். படகு வால் இருந்தால் பின்னால் காற்றின் இழுவை குறையும். அதனால் அதிக தூரம் போகும்.

இதை அமெரிக்க ராணுவம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. முதல் உலகப் போரில் அது பயன்படுத்திய தட்டை அடி புல்லட், சுமார் 4,300 மீட்டர் போகும் என்று ஏட்டில் இருந்தது. உண்மையில் 3,100 மீட்டரை ஒட்டியே விழுந்தது. அதனால் 1920-களில் படகு வால் கொண்ட எம்1 ரகத் தோட்டா வந்தது. அது 5,000 மீட்டர் வரை பாய்ந்தது. இப்போது வேறு சிக்கல்: பல பயிற்சி மைதானங்களின் பாதுகாப்பு எல்லை போதவில்லை! 1930-களின் இறுதியில் ராணுவம் மறுபடியும் தட்டை அடிக்கே திரும்பியது. அதுதான் எம்2.

அப்படியென்றால் தட்டை அடி மட்டமா? இல்லை. 100, 200 கெஜ தூரத்தில் நடக்கும் 'பெஞ்ச்ரெஸ்ட்' துல்லியப் போட்டிகளில் இன்றும் அதற்கே மவுசு. அந்தத் தூரத்தில் காற்றின் இழுவை பெரிய விஷயமில்லை. தட்டையான அடியை ஒரே சீராகச் செய்வதும் சுலபம்.

பொருத்தும்போது என்ன சிக்கல்?

உறையின் கழுத்து, புல்லட்டை விட ஒரு துளி சிறியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் புல்லட்டை இறுக்கிப் பிடிக்கும். வழக்கமான வித்தியாசம் சுமார் 0.05 மில்லிமீட்டர். அதாவது ஒரு தலைமுடி கனம்.

படகு வால் புல்லட்டின் நுனி குறுகலாக இருப்பதால், பாட்டிலில் கார்க் இறங்குவது போலத் தானாக நடுவில் உட்கார்ந்துவிடும். தட்டை அடிக்கு அந்த வசதி கிடையாது. கழுத்தின் விளிம்பு மேலேயே நிற்கும். எவர்சில்வர் டப்பா மூடியைக் கோணலாக வைத்து அமுக்கினால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். புல்லட் சாய்ந்தபடி இறங்கும். விளிம்பு கூர்மையாக இருந்தால் புல்லட்டின் செப்புத் தோலைச் சீவிவிடும். சில நேரம் உறையின் கழுத்தே நசுங்கும்.

எப்படிச் சமாளிக்கிறார்கள்?

* கழுத்தின் உள்விளிம்பை ஒரு சின்னக் கருவியால் லேசாகச் சரிவாக்குகிறார்கள். பித்தளைப் பிசிறும் இதில் போய்விடும்.

* கழுத்து வாயை மட்டும் மயிரிழை அளவு அகட்டும் 'எக்ஸ்பேண்டர்' பயன்படுத்துகிறார்கள். தட்டை அடி அதில் நேராக நிற்கும்.

* ஒரே அழுத்தில் முடிக்காமல் பாதி இறக்கி, உறையைத் திருப்பி வைத்து, மீதியை இறக்குவது பலரின் பழக்கம்.

* கடைசியாகத் தோட்டாவை உருட்டி, 'டயல் கேஜ்' வைத்துக் கோணல் இருக்கிறதா என்று அளக்கிறார்கள்.

இவ்வளவு கவனம் தேவையா?

சாய்ந்து உட்கார்ந்த புல்லட், குழலுக்குள்ளும் சாய்ந்தே நுழையும். குறி தவறும். போட்டியாளருக்கு அது பாயின்ட் இழப்பு. வேட்டைக்காரர் என்றால், விலங்கு சாகாமல் காயத்தோடு ஓடும்.

அதைவிடப் பெரிய விஷயம் அழுத்தம். அமெரிக்க அளவுகோலின்படி .308 வின்செஸ்டர் தோட்டாவின் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது 32 பவுண்டு அளவுதான். கிட்டத்தட்ட 1,900 மடங்கு! இது சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிறது. புல்லட்டை வெளியே அதிகம் நீட்டி, குழலின் புரிகளில் முட்டும்படி வைத்தால் அழுத்தம் ஏறும். அளவுக்கு மீறி உள்ளே அமுக்கினால் மருந்துக்கான இடம் குறைந்து, அப்போதும் அழுத்தம் ஏறலாம். அதனால்தான் .308-க்கு முழு நீளமே 71.4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் செய்யலாமா?

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோடிங் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்குத்தான் வேண்டும். இங்கே கதை வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம். வீடியோ பார்த்துவிட்டு 'நாமும் ஒருமுறை செய்து பார்ப்போமே' என்று நினைக்கிற விஷயம் இது இல்லை.