இரு திரைகளும் ஒரு மேசையும்

கணிப்பொறிக்கு இரண்டாவது திரை ஒன்று வேண்டும் என்று விரும்பும் இளைஞர் இன்று பலர். ஒன்றில் பாடநூலை விரித்து வைத்து, மற்றொன்றில் கட்டுரை எழுதுவது வசதியே. ஆயினும் பெற்றோர் உழைத்த பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் சிறிது கணக்குப் போட்டுப் பார்த்தல் நன்று. அக்கணக்கைப் போடாமல் இடர்ப்பட்டவன் நான், ஆதலால் சொல்லுகிறேன்.

24 அங்குலத் திரை என்கிறார்களே, அந்த 24 எதைக் குறிக்கிறது? அகலத்தை அன்று, உயரத்தையும் அன்று, மூலைவிட்டத்தையே குறிக்கிறது. மூலைவிட்டம் ஒன்றாயினும் வடிவம் வேறுபடலாம். முன்னாளில் திரைகள் 4 பங்கு அகலமும் 3 பங்கு உயரமுமாக அமைந்தன. அவ்வகையில் 20 அங்குலத் திரை 16 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உடையது. பரப்பு 192 சதுர அங்குலம். இன்று பெருவழக்காயிருப்பது 16-க்கு 9 என்னும் விகிதம். அதில் 20 அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 171 சதுர அங்குலமே. அகலம் மிக மிகப் பரப்பு குறைகிறது! இவ்விகிதம் 1980-களில் தொலைக்காட்சிக்கெனப் பரிந்துரைக்கப்பட்டது. படம் பார்க்க ஏற்றது. படிப்போருக்கு வேண்டியதோ உயரம்.

ஏ4 தாளின் உயரம் சுமார் 11.7 அங்குலம். 24 அங்குல அகலத்திரையின் உயரம் சுமார் 11.8 அங்குலம். ஆகவே ஒரு பக்கம் தன் இயல்பான அளவில் அதில் மட்டுமட்டாக அடங்கும். 16-க்கு 10 என்னும் விகிதமுடைய 24 அங்குலத் திரை சுமார் 12.7 அங்குல உயரமுடையது. மேலும் கீழும் உள்ள பட்டைகளுக்கு அந்த ஓர் அங்குலம் இடந்தரும். நூல் பயில்வோர்க்கு இதுவே மேல்.

இனி என் கதை. என்னிடம் 24 அங்குலத் திரை ஒன்று இருந்தது. பெரியது நல்லது என்றெண்ணி, 27 அங்குலத் திரை ஒன்றை அதனருகே வைத்தேன். இரண்டிலும் ஒளிப்புள்ளிகள் அகலத்தில் 1920, உயரத்தில் 1080. புள்ளிகளின் தொகை ஒன்று, பரப்பு வேறு. ஆதலால் பெரிய திரையில் எழுத்துகள் எட்டில் ஒரு பங்கு பெருத்துத் தோன்றின. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பார்வையை மாற்றும்போதெல்லாம் கண் தடுமாறிற்று. பக்கத்தில் வைத்த பெரிய திரையிலேயே நெடுநேரம் வேலை செய்ததால் கழுத்தும் நோவெடுத்தது. அதை நேர் எதிரே மாற்றி வைத்த பின்னரே நோவு தணிந்தது. எழுத்தின் வேறுபாடோ இன்றும் உறுத்துகிறது.

இதனால் நான் கற்றவை சில. இரு திரைகளும் ஒரே அளவும் ஒரே விகிதமும் ஒரே புள்ளித்தொகையும் உடையனவாயிருத்தல் சிறப்பு. அது இயலாவிடில் உயரமேனும் ஒத்திருக்க வேண்டும். 5-க்கு 4 விகிதமுடைய பழைய 19 அங்குலத் திரை வீட்டில் இருந்தால் அதை எறிய வேண்டா. 24 அங்குல அகலத்திரைக்கு அது உயரத்தில் ஏறக்குறைய இணையே.

மேசையையும் அளந்து பாருங்கள். 24 அங்குலத் திரைகள் இரண்டுக்கு 42 அங்குல அகலம் வேண்டும்; 27 அங்குலத் திரைகள் இரண்டுக்கோ 47 அங்குலம். சட்டத்தின் விளிம்பு இதற்கும் மேல். ஒரு திரையையே மிகுதியாகப் பயன்படுத்துவோர் அதை நேர் எதிரே வைத்து, மற்றதைப் பக்கத்தில் சற்றே உட்புறமாகத் திருப்பி வைக்கலாம். இரண்டையும் சமமாகப் பயன்படுத்துவோர் இரண்டும் கூடும் இடத்தை மூக்குக்கு நேரே அமைத்துக்கொள்ளலாம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு மேலே செல்லலாகாது.

திரை பழுதானால் வேறு வாங்கலாம். கண்ணுக்கும் கழுத்துக்கும் மாற்று ஏது? ஆதலால் கடைக்குப் போகுமுன் அளவுநாடாவைக் கையில் எடுங்கள்.