போதை தெளிந்த பின்னும் தெளியாத பார்வை

எல்எஸ்டி உட்கொண்டு பல மாதங்கள் கழிந்த பின்னும் சிலருக்கு வெள்ளைச் சுவரில் புள்ளிகள் நெளியும். தெருவிளக்கைச் சுற்றி ஒளிவளையம் தெரியும். கையசைத்தால் அதன் சாயல் பின்னால் இழுபடும். பழைய தொலைக்காட்சியில் ஒளிபரப்பு நின்றதும் கொட்டுமே புள்ளி மழை, அதைப் போல என்றால் பெற்றோருக்குப் புரியும்.

மருத்துவத்தில் இதன் பெயர் எச்பிபிடி. அரிதானதுதான். ஆனால், ஒரே ஒருமுறை உட்கொண்டவர்களுக்கும் வந்ததுண்டு.

தெரிவது உண்மையன்று என்பதைப் பாதிக்கப்பட்டவர் அறிந்தே இருப்பார். சித்தப்பிரமையிலிருந்து இது வேறுபடுவது அங்கேதான். இருந்தும், பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற அச்சத்தில் பலர் வாய் திறப்பதில்லை. வீட்டிலோ மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொல்வதோடு சரி.

மறைப்பதில் ஆபத்து உண்டு. மனநோய் எனக் கருதித் தரப்படும் ரிஸ்பெரிடோன் சிலருக்குத் தொல்லையைக் கூட்டியிருக்கிறது. எனவே, எதை உட்கொண்டார் என்பதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். வலிப்பு மருந்தான லமோட்ரிஜின் சிலருக்கு உதவியுள்ளது. எல்லாருக்கும் பொருந்தும் மருந்து இன்னும் இல்லை.

கஞ்சா உட்பட எல்லாப் போதைப்பொருளையும் கைவிடுவதே முதல் வேலை. தூக்கமின்மையும் பதற்றமும் காட்சிகளை மோசமாக்கும். புள்ளிகள் போய்விட்டனவா என்று சுவரையே உற்றுப் பார்ப்பதும் அப்படித்தான். பலருக்கு நாளடைவில் தணிகிறது; சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. சிங்கப்பூரில் மனநலக் கழகத்தை நாடலாம்.